ஈச்சந்தாங்கலில் நீளும் கை

மத்தியானம் பன்னிரண்டு மணி. கத்திரி வெயில். ஆற்றுக்கு அந்தாண்டை, ஈச்சந்தாங்கல் ரயில் ஹால்ட்டுக்குப் போகிற மண் ரோடு. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். ஒரு காக்காய் இல்லை. ஒரு நாய் இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள்... ஓடிக்கொண்டிருக்கிறான்.

சிரிக்காதே நவாஸ். பேய்க் கதை கேட்டால் பட்டப்பகலைச் சொல்கிறானே என்றுதானே சிரிக்கிறாய்? ராத்திரிப் பேயை டார்ச் அடித்து விரட்டலாம். உச்சிப் பொழுதுப் பேயை எதை அடித்து விரட்டுவாய்? சாக்கு வியாபாரம் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. செங்கேணி, அந்தத் தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்து மூட்டைமேல் போடு. இந்தக் கொள்முதல் நிலையத்தில் விடிந்தால்தான் எடை போடுவார்கள். அதுவரைக்கும் நெல்லும் நம்முடையது, கதையும் நம்முடையது.

ஓடுகிறவன் பெயர் வேதாசலம். என் சிநேகிதன் கிருஷ்ணசாமி இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன். கிருஷ்ணசாமி இன்றைக்கு இங்கே இல்லை என்பதால்தான் வாயைத் திறக்கிறேன். வேதாசலம் நல்ல உடம்புக்காரன். சொந்த நிலம், சொந்த மோட்டார். கோபம் வந்தால் மட்டும் முன்னே பின்னே பார்க்கமாட்டான். ஆனால் மகள் என்றால் உருகிவிடுவான். ஒரே பெண், பிரபா. அவள் பிறந்த வருஷம் தாமல் திருவிழாவுக்குப் போனவன், வலது முன்கையில் கொட்டை எழுத்தில் ‘பிரபா’ என்று பச்சை குத்திக்கொண்டு வந்தான். சோறு பிசையும்போதெல்லாம் அந்தப் பெயர் அசையும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹால்ட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவன் எதை நோக்கி ஓடினான் என்று உங்களுக்குப் புரியாது.

ஈச்சந்தாங்கல் ஒரு காலத்தில் ஸ்டேஷன்தான். கரி இஞ்சின் காலத்தில், ஏரி பக்கத்தில் இருக்கிறது என்று, வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்திய இடம். வண்டி நின்றால் ஜனம் ஏறாமல் இருக்குமா? முதலில் நெல் மூட்டை ஏறியது, அப்புறம் கறிகாய்க் கூடை, அப்புறம் கல்யாணக் கூட்டம். பீட்டர் என்று ஒரு மாஸ்டர் இருந்தார். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பால் அவர் ஓங்கி அடித்தால், ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவன்கூட வண்டி வருகிறது என்று தெரிந்துகொள்வான். டீசல் வந்தது. தண்ணீர் வேண்டாம் என்றாகிவிட்டது. மாஸ்டர் போனார், மணி போனது, ஸ்டேஷன் என்கிற பெயரும் போய் ஹால்ட் ஆனது. அப்புறம் பெரிய லைன் போட்டார்கள். பெட்டி ஆள் உயரத்துக்கு ஏறிப்போயிற்று. பிளாட்பாரம் மட்டும் அதே பழைய மண்ணில், தரையோடு தரையாகக் கிடந்தது.

அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஏறுகிறவன் கீழே இருந்து கையை நீட்டுவான். வாசலில் நிற்கிறவன் கை கொடுத்து மேலே தூக்குவான். முதலில் கைக்குழந்தை. அப்புறம் மூட்டை. கடைசியில் ஆள். வண்டி நிற்பதே அரை நிமிஷம்தான். அதில் யார், எவர், எந்தத் தெரு என்று முகம் பார்க்க நேரம் ஏது? ஊருக்குள் ஒருத்தன் சொம்பை ஒருத்தன் தொடமாட்டான். ரயில் வாசலில் மட்டும் எல்லாக் கையும் ஒரே கை. அந்தப் புண்ணியம் ஒன்றுதான் அந்த ஹால்ட்டுக்கு இருந்தது.

அதையும் கெடுத்தார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், போனுக்குப் போன் ஒரு சேதி ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, கண்டால் விடாதீர்கள் என்று. எந்த ஊர்ப் படத்தையோ போட்டு, எந்தப் பிள்ளையின் சாவையோ காட்டி... அப்போது ஈச்சந்தாங்கலுக்கு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சு மிட்டாய் விற்க ஒரு வடநாட்டுப் பையன் வருவான். ஒல்லி உடம்பு. வலது மணிக்கட்டில் ஆரஞ்சுக் கயிறு. தோளில் ஒரு கழி, கழி நிறைய ரோஸ் நிறத்துப் பொட்டலம். கையில் வெண்கல மணி. கிணிங்... கிணிங்... அவன் பக்கத்தில் வந்தாலே சர்க்கரை கருகின வாசனை அடிக்கும். அவனுக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை. ‘அண்ணா.’ ஆம்பளைக்கும் அண்ணா, பொம்பளைக்கும் அண்ணா. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அன்றைக்கு ஒரு சின்னப் பையன் மிட்டாய்க்கு அழுதான். இவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சும்மா கொடுத்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். பையன் மிட்டாயைத் தின்றுகொண்டே அவன் பின்னால் ஹால்ட் வரைக்கும் வந்துவிட்டான். இங்கே தாய்க்காரி பிள்ளையைக் காணோம் என்று தெருவில் விழுந்து கதறினாள். பனை மரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்கிற ஊர். கேட்க வேண்டுமா? மண்வெட்டிக் காம்பு, மோட்டார் பைப், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் ஓடினார்கள். பையன் ஏரிக்கரையில் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்ததை, தாண்டி ஓடின ஒருத்தனும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி பாசஞ்சர் வந்து நின்ற நேரம். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போகிறவன் வேதாசலம், முதல் ஆளாக ஏறி வாசலில் நின்றிருந்தான். கழியைப் போட்டுவிட்டு, மணியைப் போட்டுவிட்டு அந்த மிட்டாய்க்காரப் பையன் ஓடி வந்தான். பின்னால் கூட்டம். நெற்றியில் ஏற்கெனவே ஒரு கல் பட்டு ரத்தம் கண்ணை மறைத்திருந்தது. கையை நீட்டினான்.

வேதாசலம் கை கொடுத்தான்.

ஏற்றிவிடத்தான் கொடுத்தேன் என்று, குடித்துவிட்டுக் கிருஷ்ணசாமியிடம் மகள்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறான். நானும் நம்புகிறேன். அந்த ஊர்க்காரன் கை தானாக நீளும். ஆனால் பின்னால் வந்த கூட்டம் கத்தியது.

“வுடாத! புடிச்சிக்கோ வேதாசலம்! புள்ள புடிக்கிறவன்டா அவன்!”

வேதாசலம் பிடித்துக்கொண்டான். மேலே இழுக்கவும் இல்லை. கீழே விடவும் இல்லை. அந்த ஒல்லி மணிக்கட்டை, ஆரஞ்சுக் கயிற்றோடு சேர்த்து, இரும்புப் பட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். கீழே அடி விழுந்தது. முதுகில் பைப்பால் அடித்தார்கள். ஜல்லிக் கல்லை எடுத்துப் பின்மண்டையில் அடித்தார்கள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டதாம். முட்டியை மடக்கி மடக்கி அடித்தார்கள். அந்தப் பையன் மேலே வேதாசலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணா... அண்ணா...” என்றான். பல் உடைந்த வாயால் சொன்னதால் அது சரியாகக்கூட வரவில்லை.

பெட்டிக்குள் ஆட்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். தட்... தட்... தட்... என்று ஒவ்வொன்றாக, பெட்டி நெடுக. இந்தக் கதையில் இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அடித்தவன் மிருகம் என்றால், ஷட்டரை இறக்கினவன் யார்?

வண்டி கிளம்பியது. அடிபட்ட கால் வண்டியோடு ஓடுமா? இழுபட்டது. வண்டிக்கு அடியில் சரிந்தது. சக்கரம் ஒரு தடவை ஏறி இறங்கியதை, வேதாசலம் தன் உள்ளங்கால் வழியாக உணர்ந்தானாம். அப்போதும் கையை விடவில்லை. கை அவனிடம் இருந்தது. ஆள் இல்லை.

முழங்கைக்குக் கீழே... சூடாக... விரல்கள் இன்னும் அவன் விரலைப் பிடித்தபடி. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, வேலிக்காத்தான் புதருக்குள் வீசி எறிந்தான். போலீஸ் வந்தது. சிலர் உள்ளே போனார்கள், சிலர் வெளியே வந்தார்கள். வேதாசலத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவன்தான் வண்டியிலேயே போய்விட்டானே. புதர் முழுக்கத் தேடியும் கை கிடைக்கவில்லை. கை இல்லாமலே அந்தப் பையனை எரித்தார்கள்.

இரு, இரு. டீயைக் குடித்துக்கொள்கிறேன். தொண்டை காய்கிறது.

அதற்கப்புறம் சில மாதம் கழித்துப் பேச்சு கிளம்பியது. பன்னிரண்டு மணி பாசஞ்சரில் ஏறப் போனால், கடைசிக்கு முந்தின பெட்டியிலிருந்து ஒரு கை நீளும். பிடித்தால் மெல்லத் தூக்கி மேலே விடும். யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை. ஆனால் மேலே ஏறி, நன்றி சொல்லலாம் என்று திரும்பினால்... வாசலில் ஆள் இருக்காது. சர்க்கரை கருகின வாசனை மட்டும் நிற்கும். ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் கொடுக்கிற சாம்சன், ஒவ்வொருத்தரிடமும் டிக்கெட்டோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

“கை குடுக்கறது ஆருன்னு மூஞ்சியப் பாத்துட்டு ஏறு.”

வேதாசலம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. செங்கல்பட்டுக்குப் போக வேண்டுமானால் பைக்கில் ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். மகளுக்குக் கல்யாணம் பண்ணினான், மாப்பிள்ளை வினோத்குமாருக்குச் சீர் செய்தான். பஞ்சு மிட்டாய் மணி எங்கேயாவது கேட்டால் மட்டும், சட்டென்று வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொள்வான். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஈச்சந்தாங்கலில் வண்டி நிற்பது அரை நிமிஷம்தான் என்று தைரியமாக இருந்துவிட்டான் போலிருக்கிறது.

போன வருஷம், கத்திரி. பிரபாவைப் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தாய் ஆதிலட்சுமி கூட இருந்தாள். வேதாசலம் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

“மாமா... பையன் பொறந்துட்டான் மாமா.”

“எம் பொண்ணு எப்பிடி கீது?”

அந்தப் பக்கம் அழுகை.

“ரத்தம் நிக்கல மாமா. குடுத்துக்கினே கீறாங்க, போய்க்கினே கீது. அவ குரூப்பு ஸ்டாக் இல்லியாம். உங்க ரத்தந்தான் சேரும்ன்றாங்க. சீக்கிரம் வாங்க மாமா... டாக்டரம்மா மூஞ்சே சரியில்ல.”

பைக் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. டவுன் பஸ் அப்போதுதான் போனது. பக்கத்து வீட்டில் வண்டி கேட்டான், டயர் பஞ்சர். எங்கேயோ வயலுக்கு அந்தாண்டை ரயில் ஹாரன் கேட்டது. பாசஞ்சர். வேதாசலம் நின்றான். ஒரு மூச்சு... இரண்டு மூச்சு... அப்புறம் மண் ரோட்டில் இறங்கி ஓட ஆரம்பித்தான்.

அந்த ஓட்டத்தைத்தான் நான் முதலில் சொன்னேன்.

அவன் மனசில் என்ன ஓடியது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு வேறு என்ன ஓடும்? பிரபா, பிரபா, பிரபா. செருப்பு ஒன்று அறுந்து போயிற்று. இன்னொன்றை அவனே உதறினான். தார் மாதிரி கொதிக்கிற மண். ஹால்ட்டுக்கு வந்து சேரும்போது வண்டி நின்று, கிளம்பி, அசையத் தொடங்கிவிட்டது.

சாம்சன் கவுண்ட்டரிலிருந்து கத்தினான்.

“அண்ணே, டிக்கெட்லாம் வாணாம்! ஓடு! ஓடிப் போய் ஏறிக்கோ!”

வெயிலுக்குப் பயந்து ஒரு வாசலிலும் ஆள் இல்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக அவனைத் தாண்டின. வாசல் காலி. வாசல் காலி. “ஆராச்சும் கை குடுங்கப்பா!” என்று கத்திக்கொண்டே ஓடினான். வாசல் காலி.

கடைசிக்கு முந்தின பெட்டி. வாசலில் நிழல். நிழலுக்குள்ளிருந்து... ஒரு கை நீண்டது.

ஒல்லிக் கை. மணிக்கட்டில் ஆரஞ்சுக் கயிறு, புதிதாகக் கட்டின மாதிரி பளிச்சென்று. அனல் காற்றில் சர்க்கரை கருகின வாசனை அடித்தது. எங்கேயும் மணி இல்லை, ஆனால் கேட்டது. கிணிங்...

வேதாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் பிடித்தான் என்று நினைக்காதீர்கள். சாம்சன் கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றான், அவன் காதால் கேட்டதை என்னிடம் சொன்னான். வேதாசலம் ஓடிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்து அழுதானாம்.

“எம் பொண்ணு சாவப் போவுதுடா... அவளுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துடறேன். அப்பால என்னிய இன்னா வோணா பண்ணிக்கோ. இப்ப ஏத்திவுடுடா... தம்பி...”

அதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் வர வேண்டிய வார்த்தை. இப்போது வந்தது.

வலது கையைக் கொடுத்தான். அது பிடித்தது.

மேலே இழுக்கவில்லை. கீழேயும் விடவில்லை.

வண்டி வேகம் எடுத்தது. பிளாட்பாரம் முடிந்து ஜல்லி வந்தது. வெறும் கால். உள்ளங்கால் தோல் உரிந்து கல்லோடு ஒட்டியது. இடது கையால் வாசல் கம்பியைப் பிடிக்கப் பார்த்தான், வழுக்கியது. முட்டி போட்டு இழுபட்டான். தொடைச் சதை கிழிந்தது. “அய்யோ, செயின இழுங்க! செயின இழுங்கய்யா!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். அப்போது... தட். ஒரு ஷட்டர் இறங்கியது. தட். அடுத்தது. தட்... தட்... தட்... பெட்டி நெடுக. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் போலீசில் ஒரே மாதிரி சொன்னார்கள். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம், ஷட்டரை நாங்கள் தொடவே இல்லை என்று. அவர்கள் பயந்த பயத்தைப் பார்த்தால் பொய் சொன்ன மாதிரி தெரியவில்லை.

சிக்னல் கம்பம் ஒன்று வரும், பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அதில் அவன் உடம்பு மோதியது. பச்சை மூங்கிலை உடைக்கிற சத்தம், ஹால்ட் வரைக்கும் சாம்சனுக்குக் கேட்டது. அதற்கப்புறம் கத்தல் இல்லை. வண்டியை நிறுத்தியபோது மதகு தாண்டியிருந்தது.

உடம்பு கம்பத்தடியில் கிடந்தது. கிருஷ்ணசாமிதான் அடையாளம் காட்டப் போனான். முகத்தைப் பார்த்து இல்லை, இடுப்பு வெள்ளிக் கொடியைப் பார்த்து. வலது கை தோளோடு இல்லை. வெட்டின மாதிரி இல்லை, பிடுங்கின மாதிரி. தண்டவாளத்தில் பார்த்தார்கள், மதகில் பார்த்தார்கள், அதே வேலிக்காத்தான் புதரை வெட்டிச் சாய்த்துப் பார்த்தார்கள். கை கிடைக்கவே இல்லை.

என்ன செங்கேணி, கையை உள்ளே இழுத்துக்கொண்டாய்? இன்னும் இருக்கிறது.

பிரபா என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லையே? பிழைத்தாள். வேதாசலம் வரவில்லை, போன் எடுக்கவில்லை, வினோத்குமார் ஆஸ்பத்திரி வாசலில் போகிற வருகிறவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அப்போது ஒரு வடக்கத்திப் பையன் தானாக வந்தானாம். கட்டட வேலைக்காரன் மாதிரி இருந்தான். பாஷை தெரியவில்லை. படுத்து, இடது கையை நீட்டினான். சோதித்துப் பார்த்தார்கள், சரியான குரூப். நர்ஸம்மா இந்தக் கையில் நரம்பு கிடைக்கவில்லை, அந்தக் கையைக் காட்டு என்றாள். தலையை ஆட்டிவிட்டான். வலது கையைச் சட்டைக்குள்ளிருந்து அவன் கடைசிவரைக்கும் வெளியே எடுக்கவே இல்லை. ரத்தம் கொடுத்து முடித்தவன், ஜூஸ்கூடக் குடிக்காமல் போய்விட்டான். வினோத்குமார் காலில் விழலாம் என்று ஓடினான். வராண்டாவில் ஆள் இல்லை. அது நிஜமாகவே ஒரு கட்டட வேலைக்காரனாக இருக்கலாம். கையில் அடிபட்டிருக்கலாம். நான் எதையும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வராண்டாவில் என்ன வாசனை அடித்தது என்று வினோத்குமாரைக் கேட்டால், அவன் எழுந்து போய்விடுகிறான்.

குழந்தை வளர்ந்தது. உட்காரத் தொடங்கியது, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது. இந்த வருஷம், இதே கத்திரியில், குழந்தைக்கு ஊசி போடச் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

“ரயில்ல மட்டும் போவாத பிரபா. பஸ்ல போ. எஞ் சொல்லைக் கேளு.”

“எத்தினி நாளைக்கும்மா பயந்துக்கினே கீறது? பஸ்ல இந்த வெயிலுக்குக் கொயந்த தாங்காது.”

வினோத்குமாரும் கூடப் போனான். ஹால்ட்டில் அவன் டிக்கெட் வாங்கச் சாம்சனிடம் நின்றான். பிரபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். கும்பல் பின்னால் இருக்காது என்று கடைசிப் பக்கமாகப் போய் நின்றிருக்கிறாள், பாவி. வண்டி வந்தது. நின்றது.

வாசலில் நிழல். நிழலுக்குள்ளிருந்து கை நீண்டது. இந்தத் தடவை ஒன்று இல்லை... இரண்டு.

முகத்தைப் பார்த்து ஏறு என்று சாம்சன் எல்லோருக்கும் சொல்வான். அவளுக்கும் அன்றைக்குச் சொல்லியிருந்தான். ஆனால் அவள் கண் முகத்துக்குப் போகவில்லை. ஒரு கையின் முன்பக்கத்தில் நின்றுவிட்டது. பச்சை எழுத்து. கொட்டை எழுத்து. பிரபா.

பிறந்ததிலிருந்து அவளுக்குச் சோறு ஊட்டின கை. அதைப் பார்த்ததும் வருஷம் ஒன்று ஆனது, எரித்தது, கருமாதி செய்தது எல்லாம் மறந்து போயிற்று. பெற்ற அப்பனிடம் பிள்ளையைக் கொடுக்க யோசிப்பார்களா? அந்த ஊர் வழக்கம் வேறு. முதலில் கைக்குழந்தை.

“நைனா...” என்றாள். குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு கையும் சேர்ந்து வாங்கின. குழந்தை நிழலுக்குள் போயிற்று. அவள் ஏறுவதற்குக் கையை நீட்டினாள்... நீட்டிக்கொண்டே நின்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

அவள் போட்ட அலறலில் ஏரிக்கரை நாரைக் கூட்டம் மொத்தமும் எழுந்தது. வினோத்குமார் டிக்கெட்டைப் போட்டுவிட்டு வண்டி பின்னால் ஓடினான். எட்டவில்லை. சாம்சன் தன் பைக்கை உதைத்து, அவனை ஏற்றிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் பறந்தான். “எம் புள்ளயப் புடிச்சிக்கினு பூட்டாங்க... எம் புள்ளயப் புடிச்சிக்கினு பூட்டாங்க...” என்று வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பிதற்றிக்கொண்டே வந்தானாம். அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க சாம்சன் பைக்கை இன்னும் வேகமாக முறுக்கினானாம். இதே ரோட்டில், இதே வார்த்தையைச் சொல்லித்தானே அன்றைக்கும் ஓடினார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. கடைசிக்கு முந்தின பெட்டி. ஏறிப் பார்த்தார்கள். பெட்டியில் ஒரு ஆள் இல்லை. ஷட்டர் எல்லாம் ஏற்றி விட்டிருந்தது. நடு சீட்டில், சாய்ந்துகொள்ள வாகாக ஜன்னல் ஓரம், குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. அழுகை இல்லை. உதடு, கன்னம், மூக்கு நுனி எல்லாம் ரோஸ் நிறம். இரண்டு கையிலும் பிசுபிசுவென்று ரோஸ் பஞ்சு. விரலை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

வினோத்குமார் வாரி எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டான். அப்புறம்தான் சாம்சன் அவன் தோளைத் தொட்டு, குழந்தையின் சட்டையைக் காட்டினான். வெள்ளைச் சட்டை. விலாவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அஞ்சு விரலும் பதிந்த கைத்தடம். கிரீஸா, ரத்தமா என்று தெரியாத கறுப்பு. பூப்போலப் பிடித்த தடம். ஒன்று பெரிய கை, இன்னொன்று ஒல்லிக் கை.

வினோத்குமார் தன் இடது கையை முதல் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. அடுத்ததன்மேல் வைத்தான். பொருந்தவில்லை.

இரண்டும் வலது கை.